இழைத்தல்: மாதிரிக் கப்பல்களின் மேனி குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் ‘இழைத்தல்’ என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. மரத்தை இழைக்கிறோம், கொடுமையையும் இழைக்கிறோம். ஒன்று ஆசாரியின் பட்டறையில் புழங்குவது. மற்றது கோர்ட்டிலும் துண்டறிக்கையிலும் புழங்குவது. அகராதிக்காரர்கள் இரண்டுக்கும் எண் போட்டு அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு பொருளும் ஒரே பண்டத்தின் மேல் வந்து சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. கையால் செய்த மரப் பாய்க்கப்பல் மாதிரியின் உடல் அது. பாய்மரம், கயிறு, துணி எதுவும் ஏறாத வெற்றுடல்.

பொம்மைக் கப்பலில் என்னய்யா வரலாறு கிடக்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு முன்னால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நானே இரண்டு உடல்களை இழைத்து முடித்திருக்கிறேன் என்பதால் புத்தகத்தைப் புரட்டாமலே சொல்ல முடியும்.

பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டுவார்கள். ஒவ்வொரு பலகையும் கப்பலின் அந்தந்த மட்டத்து வடிவத்தில் அறுபட்டிருக்கும். ஒட்டியதும் படிக்கட்டு மாதிரி நிற்கும். உளியாலும் இழைப்புளியாலும் படிகளைத் தட்டி எடுத்தால் வளைவு பிறக்கும். அணியத்திலிருந்து அமரம் வரைக்கும் ஒரு மெல்லிய மூங்கில் சிம்பை வளைத்து வைத்துப் பார்க்க வேண்டும். சிம்பு எங்கே தொடாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். எங்கே முட்டுகிறதோ அங்கே மேடு. பிறகு உப்புத்தாள். 80இல் தொடங்கி 120, 220 என்று போக வேண்டும். இடையில் ஈரத்துணியால் துடைத்தால் படுத்திருந்த நார் எழுந்து நிற்கும். காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். பட்டி பார்க்க வேண்டும். அரக்கோ பிரைமரோ ஒரு கை அடித்ததும், சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த இடத்தில் இருபது குறை தெரியும். மறுபடி பட்டி, மறுபடி தாள்.

“கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது” என்பார் எனக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசாரி. உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினால் காகிதக் கனத்து மேடு கூடச் சிக்கிவிடும்.

இந்த வேலையின் இலக்கு விநோதமானது. செய்த வேலையின் தடயம் எதுவும் மிஞ்சக் கூடாது. உளி பட்ட இடம், ஒட்டுக் கோடு, ஆணித் தலை, பட்டி வைத்த குழி எல்லாம் மறைந்தால்தான் ‘பினிஷிங்’ நல்லா இருக்கு என்பார்கள். உழைப்பின் கடைசிக் கட்ட உழைப்பு, உழைப்பையே அழிப்பதற்காகச் செலவாகிறது. பண்டங்களின் பளபளப்புக்குப் பின்னால் மனித உறவுகள் மறைந்துபோவது பற்றி மார்க்ஸ் சொன்னதைப் புரிந்துகொள்ள ‘மூலதனம்’ முதல் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டும் நண்பர்களுக்கு ஒரு துண்டு மரமும் உப்புத்தாளும் வாங்கிக்கொடுக்கலாம்.

2

மாதிரி என்றாலே நகல் என்று நினைக்கிறோம். பெரிய கப்பல் முதலில், அதைப் பார்த்துச் செய்த சின்னக் கப்பல் பிறகு. கப்பல் கட்டுமான வரலாற்றில் நெடுங்காலம் இது தலைகீழாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிழக்குக் கரைப் பட்டறைகளில் வரைபடத்துக்கு முன்னால் பிறந்தது மர மாதிரி. அதுவும் அரை மாதிரி: கப்பலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு பாதி. இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால் ஒரு பாதி போதும். பலகை அடுக்குகளைப் பிரித்தெடுக்கக்கூடிய மாதிரியை முதலில் செய்தவர் என்று மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட்டைச் சேர்ந்த ஓர்லாண்டோ மெரிலைச் சொல்வது வழக்கம், ஆண்டு 1794. அடுக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் அளந்து, அளவைப் பெருக்கி, பட்டறைத் தரையில் முழு அளவில் கோடு போட்டு, அதன்படி வங்குகளை அறுத்தார்கள். ஆக மாதிரிதான் மூலம். கடலில் மிதந்தது நகல். போத்ரியார் வருவதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே தச்சர்கள் மூலம் - நகல் எதிர்வைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கப்பல் இறங்கிய பிறகு இந்தக் கருவிக்கு வேலை இல்லை. அப்போதுதான் அதற்கு மெருகு வருகிறது. நல்ல பலகை ஒன்றில் பதித்து, வார்னிஷ் அடித்து, பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்து, முதலாளியின் அறைச் சுவரில் மாட்டினார்கள். வேலைசெய்கிற பண்டம் காட்சிப் பண்டமாக மாறுகிற நொடியும் வழுவழுப்பு ஏறுகிற நொடியும் ஒன்றுதான். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வோம்.

3

அரை மாதிரிகளின் வரலாற்றில் தவிர்க்க முடியாத ஊர் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல். அங்கே 1878இல் இரண்டு சகோதரர்கள் ஹெரஷாஃப் உற்பத்திக் கம்பெனியைத் தொடங்கினார்கள். தம்பி நத்தானியல் (1848 - 1938) படகுகளைத் தாளில் அல்ல, மரத்தில் சிந்தித்தவர். அரை மாதிரியைச் செதுக்கி, இழைத்து, திருப்தியான பின் அதன் மேனியைத் தானே வடிவமைத்த கருவியால் அளந்து அளவுகளை எழுதிக்கொள்வார். 1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கோப்பைப் பாய்க்கப்பல் போட்டியில் ஆறு முறை கோப்பையைக் காத்தவை அவர் வடிவமைத்த படகுகள். அத்தனையும் முதலில் உள்ளங்கைக்குக் கீழே பிறந்தவை.

அண்ணன்தான் எனக்கு முக்கியம். பதின்வயதிலேயே முழுப் பார்வையையும் இழந்தவர் அவர். கம்பெனியின் தலைவர், வியாபாரம் பேசுகிறவர். தம்பி செதுக்கிய மாதிரி அண்ணன் கைக்கு வரும். விரல்களால் தடவிப் பார்த்து இங்கே கனம் கூடுதல், இங்கே ஓட்டம் சரியில்லை என்று சொல்லிவிடுவார். பார்வையற்ற ஒருவர் அந்தக் காலத்தின் வேகமான படகுகளுக்குத் தீர்ப்புச் சொன்னார் என்பதை அதிசயமாகச் சொல்வது பத்திரிகை வழக்கம். இதில் அதிசயம் ஏதுமில்லை. கப்பலின் மேனி கையால் வாசிக்க வேண்டிய பிரதி. நவீனத்துவம் கண்ணை அரியணையில் ஏற்றி, மற்ற புலன்களைக் கூலியாட்களாக வைத்திருந்தது. தொடுவதை அறிவாக ஏற்க மறுத்து, தொட்டு வேலைசெய்தவர்களைத் தொடக்கூடாதவர்களாக்கிய ஒரு சமூகத்திலிருந்து எழுதுகிற எனக்கு, அந்த விரல்கள் மேல் ஒரு தனி மரியாதை எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டுரைக்கு அழகான முடிவு கிடைத்திருக்கும். கையின் அறிவு, உழைப்பின் மாண்பு என்று மெருகு ஏற்றி மாட்டிவிடலாம். ஆனால் அந்த அண்ணனின் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. ஜான் பிரவுன் ஹெரஷாஃப்.

4

ஜான் பிரவுன் என்பது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர். பிராவிடன்ஸ் நகரத்துப் பெருவணிகர் ஜான் பிரவுனின் (1736 - 1803) மகள் சாராவை மணந்தவர்தான், பிரஷ்யாவிலிருந்து வந்த முதல் ஹெரஷாஃப். அடிமை ஒழிப்புக்காகத் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுனோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் நேர் எதிர். அடிமை வாணிபத்தை வெளிப்படையாக ஆதரித்தவர். அவரும் அவருடைய மூன்று சகோதரர்களும் சேர்ந்த நிறுவனம் 1764இல் ‘சாலி’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. கேப்டன் எசெக் ஹாப்கின்ஸ். பின்னாளில் அமெரிக்கப் புரட்சிக் கடற்படையின் முதல் தளபதி ஆனவர். சாலி வாங்கிய ஆப்பிரிக்கர்கள் 196 பேர். அவர்களில் குறைந்தது 109 பேர் செத்துப்போனார்கள்.

இந்த எண்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? கேப்டனின் கணக்கேடு பிழைத்திருக்கிறது. ரம் இத்தனை காலன், ஆள் இத்தனை, சாவு இத்தனை என்று ஒரே கையெழுத்தில் வரிசையாக ஓடும் கணக்கு. பிரவுன் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகமே 2006இல் தன் அடிமை வரலாற்றை ஆராய்ந்த அறிக்கையை வெளியிட்டபோது இந்தக் கணக்கேட்டை முன்னால் வைத்தது. சகோதரர்களில் ஒருவரான மோசஸ் பிரவுன் பின்னாளில் குவேக்கராகி, தன் அடிமைகளை விடுவித்து, அடிமை வாணிப எதிர்ப்பாளரானார். ஜான் மாறவில்லை. வெளிநாட்டு அடிமை வாணிபத்துக்குக் கப்பல் அனுப்புவதைத் தடைசெய்த 1794ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்கில் மாட்டி 1797இல் ஒரு கப்பலைப் பறிகொடுத்தார். கப்பலின் பெயர் ‘ஹோப்’. நம்பிக்கை! பெயர் வைப்பதும் ஒரு வகை மெருகு வேலைதானே.

படகுப் பட்டறை அடிமைப் பணத்தில் எழுந்தது என்று நான் நேர்க்கோடு போடவில்லை. வரலாறு அப்படி ஓடுவதில்லை. நான் காட்ட விரும்புவது வேறு. பிரிஸ்டல் துறைமுகமே டிவொல்ஃப் குடும்பத்தின் அடிமை வாணிபத் தலைமையிடமாக இருந்த ஊர். அந்தக் குடும்பத்து ஜேம்ஸ் டிவொல்ஃப் அமெரிக்க செனட்டராகவும் இருந்தார். அதே துறையில் இரண்டு தலைமுறை கழித்து, பெருஞ்செல்வர்களின் பந்தயப் படகுகள் இறங்கின. ஊரின் கடல் நினைவு இரண்டாவதைச் சுவரில் மாட்டிக்கொண்டது. முதலாவதைப் பட்டி வைத்து அடைத்தது.

வழுவழுப்புக்கும் இந்த வாணிபத்துக்கும் இன்னும் நேரடியான உறவு உண்டு. கப்பலின் அடிமேனியில் பாசியும் சிப்பியும் பிடித்தால் வேகம் குறையும். மரப்புழு துளைத்தால் கப்பலே போச்சு. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ‘அலாரம்’ என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துச் சோதித்தது. செம்பு பாசியையும் புழுவையும் அண்டவிடவில்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் சேர்ந்ததில் இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. அந்தச் சிக்கலைச் சமாளித்துப் பெரும் அளவில் செப்புத் தகடு வந்தது 1780வாக்கில். வணிகக் கப்பல்களில் அதை முந்திக்கொண்டு ஏற்றவை லிவர்பூல் அடிமைக் கப்பல்கள். ஏன் என்று கேட்டால் கணக்கு எளிது. பயணம் நீளும் ஒவ்வொரு நாளும் ‘சரக்கு’ செத்துக்கொண்டிருக்கும். செப்பு மேனிக்குச் செலவழித்தால் சாவில் மிச்சம் பிடிக்கலாம். இன்று மாதிரி செய்கிறவர்கள் பொடிப்பொடியாக வெட்டிய செப்புத் தகடுகளை ஒன்றின் விளிம்பின் மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில், பொறுமையாக ஒட்டுவதைப் பார்க்க அழகாக இருக்கிறது. அந்தப் பொறுமையின் முதல் வரைவு வேறொரு கணக்கேட்டில் எழுதப்பட்டது.

5

மேனியை மூடாமல் விட்டால்? அதற்கும் ஒரு மரபு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் போர்க்கப்பல்களுக்குச் செய்யப்பட்ட மாதிரிகள் புகழ்பெற்றவை. நான்கு அடிக்கு ஓர் அங்குலம், அதாவது 48இல் ஒரு பங்கு என்ற அளவு அவற்றில் பரவலானது. நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல் வங்குகளை எலும்புக்கூடாகக் காட்டி நிற்கும். திறந்திருப்பதெல்லாம் விடுதலை என்று அவசரப்பட வேண்டாம். அது அதிகாரத்தின் கண்ணுக்காகத் திறந்த உடல். கடற்படை நிர்வாகத்தாரும் அரசரும் மரத்தின் ஒழுங்கைக் கண்டு மகிழலாம். ஆள் ஒருவரும் உள்ளே இருக்க மாட்டார்.

ஆட்களோடு திறந்து காட்டிய உடல் ‘புரூக்ஸ்’. 1781இல் கட்டப்பட்ட லிவர்பூல் அடிமைக் கப்பல். 1788இல் நாடாளுமன்ற விசாரணைக்காக அதை அளந்தார்கள். பிளிமத் நகர அடிமை வாணிப ஒழிப்புக் குழு அந்த அளவுகளை வைத்து ஒரு படம் அச்சிட்டது. லண்டன் குழுவும் தாமஸ் கிளார்க்சனும் அதை விரிவாக்கி 1789இல் பரப்பினார்கள். ஓர் ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். ஒரு சிறுமிக்கு 4 அடி 6 அங்குல நீளம், 1 அடி அகலம். 1788ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்தது 454 பேர். சட்டத்துக்கு முந்திய ஒரு பயணத்தில் அதே கப்பல் 609 பேரைக் கொண்டுபோயிருந்தது. அதாவது உலகத்தை உலுக்கிய அந்தப் படம் சட்டப்படியான, சீர்திருத்தப்பட்ட, அடக்க ஒடுக்கமான கொடுமையின் படம்.

படம் போதாதென்று மரத்திலும் செய்தார்கள். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டிய புரூக்ஸ் மாதிரி, இங்கிலாந்தின் ஹல் நகரில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புரட்சிக் காலப் பாரிசில் மிராபோவும் ஏறக்குறைய மூன்றடி நீளத்தில் ஒன்று செய்வித்தார். உள்ளே கறுப்பு வர்ணம் பூசிய குட்டி மர மனிதர்கள் அடுக்கப்பட்டிருந்தார்கள் என்று கிளார்க்சன் எழுதிவைத்திருக்கிறார். மாதிரிக் கப்பலின் வரலாற்றில் இதை ஒரு கவிழ்ப்பு என்பேன். அதுவரை மாதிரி முதலாளிக்கு அளவு சொன்னது. அரசருக்கு அழகு காட்டியது. இங்கே அது சாட்சிக் கூண்டில் ஏறியது. வெளி மேனி எவ்வளவு வழுவழுப்பு என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. உள்ளே எத்தனை பேர் என்பதே கேள்வி.

ஆனாலும் சும்மா கும்பிட்டுவிட்டுப் போக முடியவில்லை. அந்தப் படத்தில் படுத்திருக்கிறவர்களைக் கவனியுங்கள். எல்லாரும் ஒரே அளவு, ஒரே கிடை, ஒரே மௌனம். பேர் இல்லை, மொழி இல்லை, கோபம் இல்லை. நல்லெண்ணம் கொண்ட ஒரு கை அவர்களையும் இழைத்து வழுவழுப்பாக்கிவிட்டது. அவர்களுக்காக மற்றவர்கள் இரங்க வேண்டும்; அவர்களாக எதுவும் செய்யக் கூடாது. சாலி கப்பலின் கணக்கேடு இந்த இடத்தில் வேறு மாதிரிப் பேசுகிறது. 1765 ஆகஸ்ட் 28ஆம் தேதி அந்தக் கப்பலில் அடைபட்டவர்கள் எழுந்தார்கள். மாலுமிகள் சுட்டதில் எட்டுப் பேர் செத்தார்கள். கேப்டனுக்கு அது சரக்கு இழப்புப் பற்றிய ஒரு வரி. நமக்கு அது, படுத்துக் கிடக்காத மனிதர்கள் பற்றிய ஒரு வரி. கொடுமை இழைத்தவரின் கணக்கேட்டில் எதிர்ப்பின் தடயம் தப்பிப் பிழைத்திருக்க, இரக்கப்பட்டவர்களின் படத்தில் அது துடைக்கப்பட்டிருக்கிறது. உண்மை அறியும் குழு அறிக்கைகளும் பாதிக்கப்பட்டோர் பட்டியல்களும் தயாரிக்கிற நாம் இந்த முரணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பது நல்லது.

6

இதெல்லாம் பழங்கதை, இன்று கையால் செய்த மாதிரிக் கப்பல் ஒரு பொழுதுபோக்கு, ஒரு நினைவுப் பொருள், அவ்வளவுதானே என்று சொல்லலாம். அப்படி வாங்கப்போகிறவர்களுக்குக் கடந்த அரை நூற்றாண்டாகப் பேர்போன இடம் மொரிஷியஸ். 1960களின் கடைசியில் அங்கே தொடங்கிய இந்தத் தொழில், ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலிருந்து வரைபடங்களை வரவழைத்து, ஐரோப்பியப் போர்க்கப்பல்களையும் பயணக் கப்பல்களையும் மரத்தில் செய்து சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றது. உடலை ஒருவர் இழைப்பார், கயிறுகளை இன்னொருவர் பின்னுவார். பாய்த் துணியைத் தேநீரில் முக்கிக் காயவைப்பதும் உண்டு. அப்போதுதான் கடலோடிப் பழசான நிறம் வரும். தேய்த்து மறைப்பது ஒரு மெருகு. இல்லாத காலத்தைச் சாயமாக ஏற்றுவது இன்னொரு மெருகு.

அந்தத் தீவில் பழங்காலத்தைத் தேநீரில் தேட வேண்டிய அவசியமே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மண் அது. 1735க்குப் பிறகு கவர்னர் லா பூர்தொனே துறைமுகம் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தபோது, தமிழ்த் தச்சர்களும் கொத்தர்களும் கப்பல் ஏறினார்கள். 1835இல் பிரிட்டிஷ் ஆட்சி அங்கே அடிமைமுறையை ஒழித்தது. அதற்கு முந்திய வருஷமே ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. கல்கத்தாவிலிருந்தும் பிறகு சென்னையிலிருந்தும். போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய படிக்கட்டு 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆக அந்தத் தீவின் பட்டறைகளில் மாதிரிகளை இழைத்தவர்களில் பலர், கப்பலின் அடிவயிற்றில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் இழைத்தது கூலிக் கப்பலையோ அடிமைக் கப்பலையோ அல்ல. விற்பது அட்மிரல்களின் கப்பல்தான். முன்னோரை அடைத்து வந்த உடலின் வெளிப்புறத்தை, அதை அனுப்பியவர்களின் வரவேற்பறைக்காக, 220 தாள் போட்டுத் தேய்க்கிற விரல்கள். பின்காலனியம் பற்றி நாம் எழுதிக் குவித்த பக்கங்களில் இந்த விரல்களுக்கு எத்தனை வரி ஒதுக்கினோம்?

7

அப்படியானால் மாதிரி செய்கிறவர் என்ன செய்வது? பட்டி பார்க்காதே, தேய்க்காதே என்று சொல்ல வரவில்லை. வழுவழுப்பான மேனியில் உள்ளங்கை வழுக்கி ஓடும்போது கிடைக்கிற இன்பம் நிஜமானது. அதைக் குற்றமாக்கும் தூய்மைவாதம் எனக்கு ஆகாது. மாதிரிக்காரர்களிடமே ஒரு வழி இருக்கிறது. உடலின் ஒரு பக்கத்தை முழுக்கப் பலகை அடித்து மெருகேற்றி, மறுபக்கத்தை வங்கு தெரிய விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் திறந்த பக்கத்தில் மரக்கட்டு மட்டும் தெரிந்தால் அது அட்மிரலின் ரசனையோடு நின்றுவிடும். அந்தக் கப்பல் என்ன ஏற்றியது, யாரை ஏற்றியது, அவர்கள் என்றைக்கு எழுந்தார்கள் என்பதும் அதே அளவு விகிதத்தில், அதே பொறுமையோடு அங்கே இடம்பெற வேண்டும். வரலாறு எழுதுகிறவர்களுக்கும் இதைவிட எளிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. சீராக எழுது, ஒரு பக்கத்தை மூடாதே.

அரை மாதிரிகள் விஷயத்தில் இன்னொரு சங்கதி. வளைந்த பக்கம்தான் பார்வைக்கு வரும். பிளந்த பக்கம் தட்டையானது; அது பதித்த பலகையோடு ஒட்டிச் சுவரைப் பார்த்தே இருக்கும். அங்கே உப்புத்தாள் போனதில்லை, வார்னிஷ் போனதில்லை. ரம்பம் அறுத்த வரிகள், வழிந்து காய்ந்த பசை, பென்சில் கணக்கு என்று வேலையின் எச்சங்கள் அங்கேதான் தங்கும். அருங்காட்சியகத்தில் அதைக் கழற்றிக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டார்கள். கேட்டுத்தான் பார்ப்போமே.